‘நீர்புகா’ என்னும் சொல்லும் நீர் புகும் பூச்சும்

திருப்பதியிலும் சித்தூரிலும் உள்ள பெயிண்ட் கடைகளில் இரும்பின் நோய்க்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தமிழ் பேசுபவர் ‘துரு’ என்பார். தெலுங்கு பேசுபவர் ‘துப்பு’ என்பார். அந்தத் தெலுங்குச் சொல் தமிழ்க் காதில் வேறு பொருள் தருவது தனிச் சுவை. ஆனால் நோய்க்கு மருந்து கேட்கும்போது இருவரும் ஒரே சொல்லுக்கு வந்துசேர்கிறார்கள்: ‘வாட்டர்ப்ரூஃப்’. எழுத்துத் தமிழ் இதை ‘நீர்புகா’ என்று பெயர்த்துக்கொண்டது. இரு மொழியினரும் உடன்படும் அந்த ஒரு சொல்தான் பிழையானது.

உலோகத்தின் மேல் பூசப்படும் கரிமப் பூச்சு எதுவும் நீர்புகாததன்று. எப்பாக்சி, பாலியூரித்தேன், அல்கைடு இனாமல், பிட்டுமென் என எதை எடுத்துக்கொண்டாலும் நீர் மூலக்கூறு அதனுள் நுழைகிறது, தங்குகிறது, கடந்து உலோகத்தைத் தொடுகிறது. சிலவற்றில் விரைவாக, சிலவற்றில் மெதுவாக, வேறுபாடு அவ்வளவே. இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜே. இ. ஓ. மெய்ன் 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகளில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். பூசப்படாத இரும்பு துருப்பிடிக்க எவ்வளவு நீரும் ஆக்சிஜனும் தேவையோ, அதற்குக் குறையாத அளவு பெயிண்ட் படலத்தின் ஊடாகவே சென்றுவிடுகிறது. ஆகவே நீரைத் தடுத்து நிறுத்துவதால் பெயிண்ட் இரும்பைக் காக்கிறது என்ற விளக்கம் நிற்காது. இதற்குப் பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும், அறிவியல் கைவிட்ட விளக்கத்தைச் சொல் கைவிடவில்லை. ஒப்பந்தப்புள்ளி, விளம்பரம், சில வேளை முனைவர் பட்ட ஆய்வேடு ஆகிய மூன்றிலும் அந்தச் சொல் இன்றும் ஆட்சி செய்கிறது. சொல் பிழையானால் செலவிடப்படும் பணமும் பிழையான இடத்துக்குப் போகிறது என்பதே இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

நீர் எவ்வளவு விரைவில் கடக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். எப்பாக்சி பிசினில் அறை வெப்பநிலையில் நீரின் விரவல் கெழு, விநாடிக்கு 10-இன் அடுக்கு –13 சதுர மீட்டர் என்ற அளவிலோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். படலத்தின் தடிமனை இருமடியாக்கி இந்த எண்ணால் வகுத்தால், நீர் உலோகத்தை எட்டிப் படலம் நிறைவுறும் காலம் தோராயமாகக் கிடைக்கும். ஒரு மயிரிழைத் தடிமனுள்ள 100 மைக்ரான் பூச்சுக்கு விடை ஏறத்தாழ ஒரு நாள். தடிமனை இரட்டிப்பாக்கினால் நான்கு நாள். பாலத்தின் ஆயுளோ பல பத்தாண்டுகள். நான்கு நாள் தாமதத்தைக் கொண்டு அதைக் காக்க இயலாது. தடிமனால் வேறு பயன் உண்டு. ஊசித்துளைகள் அடைபடுகின்றன, குளோரைடு, சோடியம் போன்ற அயனிகளின் பாதை கடினமாகிறது. அரிப்பு ஒரு மின்வேதி வினை. அயனிகள் நகர முடியாவிட்டால் மின்சுற்று முழுமையடையாது. சுற்று முழுமையடையாவிட்டால் நீர் இருந்தும் துரு பெருகாது. பூச்சின் பெரும் பணி இதுதான் என்றார் மெய்ன். நீருக்கு வாயில் திறந்திருக்கிறது. அயனிக்குத்தான் அது அடைபட வேண்டும்.

உட்புகுந்த நீரை அளக்கும் முறையும் பழமையானதே. பூசிய தகட்டை உப்புநீரில் அமிழ்த்தினால் அது ஒரு மின்தேக்கியாகிறது: ஒருபுறம் உலோகம், மறுபுறம் உப்புநீர், இடையில் பெயிண்ட். உலர்ந்த பிசினின் ஒப்புமை விடுதிறன் பெரும்பாலும் ஓரிலக்க எண். நீருடையதோ ஏறத்தாழ 80. ஆகவே சிறிதளவு நீர் நுழைந்தாலும் மின்தேக்குத்திறன் கூடிவிடும். பிராஷர், கிங்ஸ்பரி ஆகிய இருவரும் 1954-இல் இதற்கு ஓர் எளிய மடக்கைச் சமன்பாட்டைத் தந்தனர். அதன்படி மின்தேக்குத்திறன் 10 விழுக்காடு உயர்ந்தால், கனஅளவில் சுமார் 2.2 விழுக்காடு நீர் உள்ளே இருக்கிறது. படலம் வீங்குவதையும், நீர் ஒரே சீராகப் பரவாமல் ஆங்காங்கே திரள்வதையும் அச்சமன்பாடு கணக்கில் கொள்வதில்லை. எடைபோட்டு அளந்த மதிப்போடு ஒப்பிட்டால் அது அடிக்கடி மிகைப்படுத்துகிறது என்பதை மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஆயினும் எந்தச் சிற்றூர்க் கல்லூரி ஆய்வகத்திலும் செய்யக்கூடிய அளவை இது.

அப்படியானால் பூச்சு எங்கே தோற்கிறது? நீர் உட்புகும் இடத்தில் அன்று. உலோகமும் பிசினும் தழுவி நிற்கும் எல்லையில். பிசினின் முனைவுறு தொகுதிகள் இரும்பின் ஆக்சைடுப் பரப்பை ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றியிருக்கின்றன. அங்கே வந்துசேரும் நீர், அந்தப் பிடியைத் தளர்த்தி அவ்விடத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. உலர்ந்தபோது கத்தியால் கீறியும் பெயராத பூச்சு, ஈரத்தில் ஊறியபின் விரலால் உரிந்துவருவது இதனால்தான். ஜெர்மானிய ஆய்வாளர் வெர்னர் ஃபுங்க்கே ‘ஈர ஒட்டுதல்’ என்ற கருத்தை 1980களில் வலியுறுத்தியதன் சாரம் இதுவே: உலர்நிலை ஒட்டுதலை அளந்து நிறைவடைவது, வறட்சியில் ஏரிக்கரையைச் சோதிப்பது போன்றது. எல்லையில் உப்பு அகப்பட்டிருந்தால் நிலை இன்னும் மோசம். சதுர மீட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் உப்பே போதும். படலம் ஓர் அரைச்சவ்வாகி, சவ்வூடு பரவலால் நீர் உள்ளிழுக்கப்பட்டுக் கொப்புளம் எழும்.

இங்கே சித்தூரின் மாங்கூழ்க் கேனைப் பார்ப்பது தகும். ‘நீர்புகா’ என்ற சொல்லுக்கு அதைவிடத் தெளிவான மறுப்பு கிடைப்பது அரிது.

சித்தூர் மாவட்டத்தில் விளையும் தோத்தாபுரி மாம்பழம், தமிழகத்தார் கிளிமூக்கு என்று அழைப்பது, பெரும்பகுதி கூழாகி ஏற்றுமதியாகிறது. ஒரு பங்கு இரும்பு டிரம்முக்குள் வைக்கும் நுண்ணுயிர் நீக்கிய பைகளில் போகிறது. மற்றொரு பங்கு 3.1 கிலோ கூழ் கொள்ளும் தகரக் கேன்களில் போகிறது. வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடே அந்தத் தகரம். சில கேன்களின் உட்புறம் வெறும் வெள்ளீயமாகவே விடப்பட்டு, அது தான் கரைந்து இரும்பைக் காக்கும். மற்றவற்றில் உள்ளே பொன்னிறத்தில் ஓர் அரக்குப் படலம் உண்டு; நெடுங்காலமாக அது எப்பாக்சி–பீனாலிக் வகையைச் சேர்ந்தது. அப்படலத்தின் தடிமன் சில மைக்ரான்களே. ஐந்து மைக்ரான் என்று கொண்டு மேற்சொன்ன கணக்கைப் போட்டால், நீர் கடக்க ஆகும் நேரம் சில நிமிடங்கள். கூழோ அமிலத்தன்மை உடையது. சூடாக நிரப்பி, கொதிநீரிலும் வேகவைக்கிறார்கள். அந்தச் சூட்டில் படலம் நீரை உறிஞ்சிச் சற்றே வெண்மை பூப்பதும் உண்டு. ஆனாலும் கேன் ஓராண்டு, ஈராண்டு நிற்கிறது.

பாலத்துப் பெயிண்டில் இருபதில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாத படலம், அமிலத்தில் மூழ்கியபடி ஈராண்டு காக்கிறது. எப்படி? கேன் தகடு ஆலையில் தூய்மை செய்யப்பட்டது. வெள்ளீயத்தின் மேல் குரோமியம் சார்ந்த மிக மெல்லிய படலம் முன்பே ஏற்றப்பட்டது. அரக்கு அடுப்பில் சுட்டு இறுக்கப்பட்டது. இடையில் உப்போ வியர்வையோ துருவோ இல்லை. மூடிய கேனில் ஆக்சிஜனும் மிகக் குறைவு. நீர் எல்லைவரை வருகிறது, ஆனால் அங்கே பிடியைத் தளர்த்த அதனால் எளிதில் முடியவில்லை. காப்பு என்பது படலத்தின் தடிமனில் இல்லை, அது ஒட்டியிருக்கும் பரப்பில் இருக்கிறது என்பதைச் சித்தூரின் கிடங்குகள் ஆண்டுதோறும் மெய்ப்பிக்கின்றன.

இது ஆய்வக ஆர்வம் மட்டுமன்று. 2025 கோடையில் தோத்தாபுரி விலை சரிந்தபோது, முந்தைய பருவத்தின் கூழே விற்காமல் தேங்கியிருப்பதைக் கூழ் ஆலைகள் காரணமாகக் கூறின. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் மாநில அரசு 4 ரூபாயும் தருவதென முடிவாயிற்று. கிடங்கில் காத்திருக்கும் ஒவ்வொரு கேனின் ஆயுளும் தகட்டுக்கும் கூழுக்கும் இடையில் நடப்பதைப் பொறுத்தது. இப்போது அந்த அரக்கே மாறப்போகிறது. உணவு தொடும் பொருள்களில் பிஸ்பீனால்–ஏ பயன்படுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் விதித்த ஒழுங்குமுறை தடை செய்தது. 2025 ஜனவரி 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சில வகைப் பழ, காய்கறிக் கேன்களுக்கு 2028 ஜனவரி வரை அவகாசம் உண்டு. பழைய எப்பாக்சி அரக்கின் மூலப்பொருளே பிஸ்பீனால்–ஏ. அதன் இடத்துக்குப் பாலியெஸ்டர், அக்ரிலிக் வகைகள் வருகின்றன. அவற்றை ‘நீர்புகா’ என்று விற்பவரிடம் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அமிலக் கூழில் வெந்தபின் எவ்வளவு நீரை உறிஞ்சுகிறது, அந்த ஈரத்தோடு எவ்வளவு பிடிப்பாக நிற்கிறது? அந்த எண்கள் இல்லாத தரச்சான்றுக்கு மதிப்பில்லை.

கேனிலிருந்து மண்ணடிக்கு வரலாம். ஸ்ரீகாளஹஸ்தியை அடுத்து வார்ப்பாகும் நீளிரும்புக் குழாய்கள் குடிநீர்த் திட்டங்களுக்காகப் புதைக்கப்படுபவை. அவ்வகைக் குழாயின் கறுப்புப் பிட்டுமென் மேற்பூச்சைப் பார்ப்பவர் அதுவே காப்பு என்று எண்ணக்கூடும். ஆனால் பிட்டுமெனுக்கு அடியில் துத்தநாகம் தெளிக்கப்பட்டிருக்கிறது. நீர் வரும் என்பதை ஒப்புக்கொண்டு, வரும்போது இரும்புக்கு முன்னதாகத் தன்னைப் பலிகொடுக்க ஓர் உலோகத்தை நிறுத்தியிருக்கிறார்கள். சொல்லை நம்பாமல் வேதியியலை நம்பிய வடிவமைப்பு அது.

கிழக்கே இன்னும் சென்றால் ஸ்ரீஹரிகோட்டா. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது சூளூர்ப்பேட்டைப் பகுதியோடு திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த தீவு. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் பழவேற்காடு ஏரி. 1971 அக்டோபரில் முதல் ரோகிணி ஏவூர்தி புறப்பட்ட நாள் முதல், அங்கு எழும் எஃகுக் கட்டமைப்பு ஒவ்வொன்றும் இருபுறத்து உப்பையும் சுவாசிக்கிறது. திட எரிபொருள் ஏவூர்திகளின் புகையில் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்கிறது. இதே இக்கட்டை எதிர்கொண்ட அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையம், 1966 முதல் கடற்கரையோரத்தில் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் நிறுத்திச் சோதித்துவருகிறது. கரிமப் பிசினில் குழைத்த துத்தநாகப் பிரைமர்களைவிட, சிலிக்கேட் சார்ந்த கனிமத் துத்தநாகப் பிரைமர்கள் நீடித்து நின்றன என்பது அங்கே கிடைத்த பாடம். பல்லாண்டு பொறுமையோடு தகடுகளை வெளியில் நிறுத்தியதால் மட்டுமே கிடைத்த பாடம் அது.

பல்கலைக்கழக ஆய்வுகளின் மீதான குறையும் இவ்விடத்தில்தான் எழுகிறது. பூச்சு பற்றிய கட்டுரைகளில் இரண்டு எண்கள் மிகுந்த மரியாதை பெறுகின்றன. ஒன்று, நீர்த்துளியின் சேர்கோணம். அது 150 பாகையைத் தாண்டினால் ‘மீ நீர்வெறுப்புப் பரப்பு’ என்று தலைப்பிலேயே இடம்பெறும். சேர்கோணம் பரப்பின் மேல் உருளும் துளியைப் பற்றிப் பேசுகிறது. படலத்துக்குள் தனித்தனி மூலக்கூறாக நுழையும் நீராவியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தாமரை இலையில் துளி ஒட்டாது. இலைக்குள் நீர் இல்லை என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. மற்றொன்று, உப்புத்தூவல் அறையில் தாங்கிய மணிநேரம். 5 விழுக்காடு உப்புக்கரைசல், 35 பாகை வெப்பம், இடையறாத ஈரம் என்னும் இச்சோதனையின் அமெரிக்கத் தரநிலையான பி117 முதன்முதலில் 1939-இல் வந்தது. இயற்கைச் சூழலில் பூச்சு எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்த முடிவை மட்டும் கொண்டு கணிப்பது அரிது என்று அந்தத் தரநிலையே எச்சரிக்கிறது. எச்சரிக்கையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்தாள்வது வழக்கமாகிவிட்டது.

மெய்யான பூச்சு இடையறாத ஈரத்தில் வாழ்வதில்லை. அது நனைகிறது, காய்கிறது, மீண்டும் நனைகிறது. சித்தூரின் மே மாத நண்பகலில் உலர்ந்து சுருங்குகிறது; வடகிழக்குப் பருவமழையில் ஊறி வீங்குகிறது. உறிஞ்சிய நீர் எப்பாக்சியை மென்மையாக்கி, அதன் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலையையும் கீழிறக்குகிறது. மழைக்குப் பின் வெயில் அடிக்கும் நாளில் சூடேறிய தகட்டின் மேல் படலம் இளகி, விரவல் இன்னும் விரைகிறது. அறை வெப்பநிலைத் தொட்டியில் முப்பது நாள் ஊறவைத்த தகடு இந்தச் சுழற்சியை அறியாது.

இயற்கை இப்பகுதிக்கு ஒரு நல்ல சோதனைக்களத்தைக் கொடுத்திருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கரையில் உப்பும் ஈரமும், சேஷாசலத்தின் அடிவாரமான திருப்பதியில் ஈரமும் வெப்பமும், சித்தூர் மேட்டுநிலத்தில் வறட்சி என மூன்று சூழல்கள் ஒரு நாள் பயணத் தொலைவுக்குள் அமைந்திருக்கின்றன. ஐஎஸ்ஓ 9223 தரநிலை, கரி எஃகு முதலாண்டில் 25 முதல் 50 மைக்ரான் வரை இழக்கும் சூழலை சி3 என்றும், 80 முதல் 200 மைக்ரான் வரை இழக்கும் சூழலை சி5 என்றும் வகுக்கிறது. இம்மூன்று இடங்களும் எந்த வகுப்பில் அடங்கும் என்பதைப் பூசாத தகடுகளை ஓராண்டு நிறுத்தி எடைபோட்டாலே சொல்லிவிடலாம். திருப்பதியில் 1954-இல் தோன்றிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015-இல் தொடங்கிய ஐஐடியும் ஐசரும் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து மூன்று மரச்சட்டங்களை நட்டு, ஒரே வகைத் தகடுகளை ஐந்தாண்டு நிறுத்துவதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை மின்தேக்குத்திறனும் ஈர ஒட்டுதலும் அளந்து, எண்களைத் தமிழிலும் தெலுங்கிலும் பொதுவில் வைத்தால் போதும். முனைவர் பட்டக் காலத்தைவிட நீளும் சோதனையை ஒரு மாணவர் தனியாகச் செய்ய இயலாது என்பது மெய்யான இடர்தான். அதனாலேயே அது நிறுவனங்களின் பொறுப்பாகிறது. மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் இத்தகைய வெளிக்களச் சோதனைகளை நெடுங்காலம் நடத்தியிருக்கிறார்கள். முன்மாதிரிக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை.

இனி ஒப்பந்தப்புள்ளி. பள்ளிக் கட்டடத்தின் சன்னல் கம்பி முதல் நடைமேம்பாலம் வரை, பொதுப்பணிப் பெயிண்டிங்கில் எண்ணப்படுவது எத்தனை கோட், என்ன நிறம், எந்தக் கம்பெனி என்பவையே. பூசுமுன் பரப்பு எப்படி இருந்தது என்பதைப் பெயிண்ட் காய்ந்தபின் யாரும் காண முடியாது. காண முடியாத வேலைக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை. தொழிலாளியின் கையில் ஓர் உப்புத்தாளும் கம்பி பிரஷும் கொடுக்கப்படுகின்றன. மாலைக்குள் ரெட் ஆக்சைடு ஏற வேண்டும். தமிழில் ‘பூசி மெழுகுவது’ என்ற வழக்கு எதைக் குறிக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. குற்றம் பிரஷ் பிடிப்பவருடையதன்று. சதுர அடிக் கூலி, பூசிய பரப்புக்கே தரப்படுகிறது, தேய்த்த பரப்புக்கு அன்று.

இதில் வியப்பு என்னவென்றால் இந்தியத் தரநிலை இதை முன்பே சரியாகச் சொல்லிவிட்டது. கட்டடங்களில் இரும்புப் பொருள்களுக்குப் பெயிண்ட் அடிப்பது பற்றிய ஐஎஸ் 1477 இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. முதல் பகுதி முழுவதும் முன்தயாரிப்பு. பெயிண்ட் இரண்டாம் பகுதியில்தான் வருகிறது. நடைமுறையோ இரண்டாம் பகுதியிலிருந்து தொடங்குகிறது.

துறைமுகக் கிடங்கில் கிடந்த எஃகுக் கம்பம் சித்தூருக்கு வரும்போது கடலையும் உடன்கொண்டு வருகிறது. கடலுப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 33 விழுக்காட்டைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். சித்தூரின் வறட்சி அந்தக் கம்பத்தைக் காக்காது. நல்ல நீரால் கழுவிவிட்டுப் பூசினால் பெரும்பகுதித் தொல்லை தீரும். அந்தக் கழுவலுக்கு விலைப்பட்டியலில் ஒரு வரி வேண்டும். எஃகின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 பாகை மேலே இருந்தால்தான் பூச வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. நவம்பர் காலையில் திருப்பதியில் அதைக் கடைப்பிடித்தால் பல நாள்கள் வேலை நடக்காது. நடக்காமல் இருப்பதே முறை. விழாவுக்கு முன் பளபளக்க வேண்டும் என்று ஈரக்காற்றில் பூசுவது, நீரை வெளியே நிறுத்துவதற்கு மாறாக உள்ளே வைத்து மூடுவதாகும்.

ஆகவே கேட்கப்படுவது பெரிதன்று. ஒப்பந்தப்புள்ளியில் ‘நீர்புகா’ என்ற சொல்லை நீக்கிவிட்டு மூன்று எண்களை எழுதலாம்: பூசுமுன் பரப்பில் இருந்த உப்பு, பூசிய நேரத்து எஃகின் வெப்பநிலையும் பனிநிலையும், ஊறவைத்தபின் அளந்த ஒட்டுதல். முதல் கோட் ஏறுமுன் பரப்பைப் பார்வையிட்டுப் பொறியாளர் கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பம் இல்லாமல் இரண்டாம் கோட்டுக்குப் பணம் இல்லை. தேய்ப்பதற்கும் கழுவுவதற்கும் சதுர அடிக் கூலி தனியாக வேண்டும். கலைச்சொல் ஆக்குவோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ‘நீர்புகா’ என்ற பெயர்ப்பு ஆங்கிலச் சொல்லின் பொய்யை அப்படியே ஏந்திவந்தது. ‘நீர்தாங்கி’ என்றால் நடப்பது அதுவே: பூச்சு நீரைத் தாங்குகிறது, எவ்வளவு காலம் என்பது அடியில் உள்ள பரப்பைப் பொறுத்தது. தெலுங்கில் இதற்கு இணையாக எச்சொல் பொருந்தும் என்பதைக் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகத்தார் சொல்லட்டும்.